பழைய லாரி என்ஜினை தின்னும் கரிசல் தூசி, உப்புத் தண்ணீர்: அருப்புக்கோட்டை-திருச்சுழி டிரைவர்கள் தப்பிக்க வழி என்ன?

அருப்புக்கோட்டை:

லாரி கடன் தவணை கட்டி முடிக்கும்போதுதான் அது உண்மையில் சொந்த வண்டி ஆகிறது. இனிமேல் ஓடுகிற வாடகையில் நாலு காசு வீட்டுக்கு வரும் என்று நினைக்கும் நேரத்தில் என்ஜின் படுத்துவிட்டால்? போர் வேலை, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், பம்ப் என்று இறங்கினால் பில் லட்சத்தைத் தொடும். வேலை முடிகிற வரை வாடகையும் கிடையாது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கம் சீமைக்கருவேல கரி மூட்டை, வத்தல், மல்லி, ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றி ஓடும் லாரிகளில் 15 வருடம் தாண்டிய வண்டிகளும் உண்டு. ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று என்ஜினை திறக்காமலே பல லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது. இன்னொன்று பாதியிலேயே நீலப்புகை தள்ளுகிறது. 'அவன் வண்டி ராசியான வண்டி' என்பார்கள். ராசி எல்லாம் இல்லை அண்ணாச்சி. நம்ம ஊர் வறண்ட ஊர். இங்கே என்ஜினுக்கு இரண்டு எமன். ஒன்று காற்றில் வருகிறது, இன்னொன்று தண்ணீரில் வருகிறது.

ஒரு மணி நேரத்தில் 3 லட்சம் லிட்டர் காற்று

பழைய டாடா லாரிகளில் வந்த 697 என்ஜின் பலருக்கும் தெரிந்தது. 6 சிலிண்டர், 97 மில்லி மீட்டர் போர் என்பதுதான் அந்த நம்பரின் அர்த்தம். 1954-ல் டாடா கம்பெனி ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. 697 அந்த பென்ஸ் என்ஜின் வழியில் வந்தது. கொள்ளளவு 5,675 சி.சி., அதாவது 5½ லிட்டருக்கு கொஞ்சம் மேல்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். என்ஜின் நிமிடத்துக்கு 2 ஆயிரம் சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஆயிரம் தடவை காற்றை உறிஞ்சும். ஏறக்குறைய 5 ஆயிரம் லிட்டர் காற்று ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது. ஒரு மணி நேரத்துக்கு 3 லட்சம் லிட்டர்! திருச்சுழி ரோட்டில் ஆடிக்காற்று அடிக்கும்போது, முன்னால் ஒரு ஜல்லி டிப்பர் போகும்போது, அந்தக் காற்றில் எவ்வளவு மண் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மண்ணில் உள்ள சிலிக்கா துகள் இரும்பையே அரைக்கும். வால்வ் தேய்க்க பட்டறையில் ஒரு பேஸ்ட் போடுவார்களே, அதே வேலையை ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் தூசி செய்கிறது. ஆயிலுடன் கலந்து கீழே இறங்கி பேரிங்கையும் விடாது.

பழைய வண்டிகளில் ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கும். கிண்ணத்தில் உள்ள ஆயிலில் தூசி ஒட்டிக்கொள்ளும். புதுக்காலத்து பேப்பர் பில்டர் அளவுக்கு நுண்தூசியை அது பிடிக்காதுதான். ஆனாலும் ஒழுங்காக பார்த்துக்கொண்டால் கைவிடாது. கிண்ணத்தில் சேறு பாதி வரை ஏறிவிட்டால் ஆயிலை கொட்டி, டீசலில் கழுவி, புதுசாக ஊற்ற வேண்டும். ஜல்லி, மண் லோடு அடிக்கும் வண்டி என்றால் தினமும் கிண்ணத்தை எட்டிப்பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'நிறைய ஊத்துனா நல்லா பிடிக்கும்' என்று கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றக்கூடாது. கூடுதல் ஆயிலை என்ஜின் உறிஞ்சிவிடும். டீசலுக்குப் பதில் அந்த ஆயிலே எரிந்து, ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் தானாக ரேஸ் ஆகி உடைந்துபோகும் ஆபத்து உண்டு.

பேப்பர் பில்டர் உள்ள வண்டியில் வேறு தப்பு நடக்கிறது. பஞ்சர் கடை ஏர் பைப்பை முழு பிரஷரில் வெளியில் இருந்து பிடித்து அடிக்கிறார்கள். பேப்பரில் ஊசித்துளை விழுந்தால் பில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். அடித்தே ஆக வேண்டும் என்றால் குறைந்த பிரஷரில், உள்ளே இருந்து வெளியே. அப்புறம் உள்ளே ஒரு பல்பை விட்டுப் பார்க்க வேண்டும். புள்ளியாக வெளிச்சம் வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். டயரில் தட்டித் தட்டி தூசி எடுப்பதும் வேண்டாம். ஓரம் நெளிந்துவிடும்.

விரலை விட்டுப் பாருங்கள்

பில்டரை மாதாமாதம் மாற்றுகிறவர்கள்கூட கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஏர் கிளீனரில் இருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். நம்ம ஊர் வெயிலில் அது காய்ந்து, மடிப்பில் கீறல் விடும். கிளிப் லூசாகும். தூசி பில்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் நேராக உள்ளே போய்விடும்.

இதை கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ஹோஸை கழட்டி, பில்டருக்கு அப்புறம் உள்ள பக்கத்தில் துணியையோ விரலையோ விட்டுத் தடவுங்கள். சுத்தமாக இருக்க வேண்டும். மாவு மாதிரி மண் ஒட்டினால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் என்ன விலை, போர் வேலை என்ன விலை?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்

இந்தப் பக்கத்து ஆழ்துளை கிணற்று தண்ணீரை அடுப்பில் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக படியும். வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே படிவம்தான் ரேடியேட்டர் குழாயிலும், சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் வழியிலும் உட்காருகிறது. உப்புப்படிவம் சூட்டை வெளியே விடாது. தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் ஹெட் மட்டும் கொதிக்கும். கேஸ்கட் போகும், ஹெட் வெடிக்கும்.

கூலண்ட் வாங்கி, பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுவதுதான் முறை. துருவையும் அது தடுக்கும். தனியாக தண்ணீருக்கு செலவு செய்ய மனம் வராதவர்கள் மழைத்தண்ணீரை பிடித்து வடிகட்டி வைக்கலாம். 2003-ல் தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பை கட்டாயமாக்கினார்களே, அந்த தொட்டி லாரிக்கும் உதவும்.

வழியில் கொதித்து நின்றால் உடனே மூடியை திறந்து பச்சைத்தண்ணீர் ஊற்றுவது முகத்துக்கும் ஆபத்து, ஹெட்டுக்கும் ஆபத்து. ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம் அந்த தெர்மோஸ்டாட் வால்வு சமாச்சாரம். 'கழட்டிட்டா வண்டி கூலா ஓடும்' என்று கழட்டி எறிந்துவிடுகிறார்கள். என்ஜின் சூடாகக்கூடாது என்பது பாதி உண்மை. சூடு ஏறாமல் ஓடினாலும் கெடுதிதான். 80 டிகிரி அளவுக்கு தண்ணீர் சூடேறினால்தான் டீசல் சரியாக எரியும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகும். எப்போதும் குளிர்ந்தே ஓடும் என்ஜினில் எரியாத டீசல் சுவரில் இறங்கி ஆயிலை கழுவிவிடும். ரிங் தேயும். கொதிக்கிற வண்டிக்கு வைத்தியம் ரேடியேட்டரை ராடு அடித்து சுத்தம் செய்வது.

கிலோ மீட்டர் மீட்டர் ஓடவில்லையா?

ஆயில் கருத்துவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் புது ஆயிலும் சீக்கிரம் கருக்கும். புகைக்கரியை பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பெனி புத்தகத்தில் போட்ட கிலோ மீட்டருக்கு மாற்ற வேண்டும். கிரஷர், மண் ரோடு வேலை என்றால் அதில் பாதியிலேயே மாற்றுவது நல்லது. பில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை போடுவது மாதிரி.

பழைய வண்டியில் மீட்டர் ஓடாதே, எப்படி கணக்கு வைப்பது? டீசல் பில்லை வைத்து. லிட்டருக்கு 4 கிலோ மீட்டர் தரும் வண்டி 2,500 லிட்டர் குடித்தால் 10 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிவிட்டது. சீட்டுக்கு மேலே ஒரு நோட்டு போதும்.

காலையில் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் குறைந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். கூடியிருந்தால் சந்தோஷப்படுகிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து. மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் பம்ப் பக்கமோ நாசில் பக்கமோ டீசல் கீழே இறங்குகிறது. பால் காபி கலரில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது. இரண்டில் எது என்றாலும் அன்றைக்கு லோடு ஏற்றக்கூடாது.

டீசல் பற்றி நல்ல செய்தி ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 டீசல் வருகிறது. இதில் கந்தகம் 10 பி.பி.எம்.தான். 2010-ல் வந்த பி.எஸ்.3 டீசலில் 350 வரை இருந்தது. கந்தகம் குறைந்ததால் என்ஜினுக்குள் ஆசிட் சேர்வதும் குறைகிறது. ஆனால் மண்ணெண்ணெய் கலந்த மலிவு டீசல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பம்புக்கு டீசல்தான் ஆயில். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு கிடையாது. பம்ப் எலிமெண்ட் உரசிப்போகும். வாரம் ஒருமுறை டீசல் பில்டரின் அடித்திருகை லூசாக்கி தண்ணீரை இறக்கிவிடுவதும் அவசியம்.

டர்போ உள்ள வண்டியில், மதுரை-தூத்துக்குடி நான்குவழிச்சாலையில் லோடோடு விரட்டி வந்து டீக்கடையில் டக்கென்று ஆப் செய்யக்கூடாது. 2, 3 நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் டர்போ ஷாப்டில் ஆயில் கருகும். அதற்காக டீ, பேப்பர், அரட்டை எல்லாம் முடியும் வரை ஓடவிடுவதும் தப்பு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொடுக்காமல் ஆயில் பிரஷர் ஏறும் வரை பொறுக்க வேண்டும்.

46 லட்சம் கிலோ மீட்டர் டாக்சி

கிரீஸ் நாட்டில் கிரிகோரியோஸ் சாகினிடிஸ் என்ற டாக்சி டிரைவர் 1976-ம் வருடத்து பென்ஸ் 240டி டீசல் காரை 46 லட்சம் கிலோ மீட்டர் ஓட்டினார். 2004-ல் அந்த காரை பென்ஸ் கம்பெனி தன் மியூசியத்துக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் அவர் ஒரே என்ஜினை வைத்து ஓட்டவில்லை. என்ஜினை மாற்றி மாற்றி மாட்டி, கழட்டியதை சரி செய்து வைத்துத்தான் ஓட்டினார். என்ஜின் உடையும் வரை காத்திருக்காமல், தேயும்போதே கழட்டியதுதான் அவருடைய சாமர்த்தியம்.

நமக்கு அந்த நேரம் எப்போது என்று புகை சொல்லும். லோடில் கருப்புப்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது. ஏர் கிளீனர், நாசில், பம்ப் டைமிங் பார்த்தால் சரியாகும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நின்றால் நாசில் கோளாறு, இல்லையென்றால் தண்ணீர் இறங்குகிறது. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு புகை அளவு 65 எச்.எஸ்.யு.-வை தாண்டக்கூடாது. 8 வருடம் தாண்டிய லாரிக்கு வருடாவருடம் எப்.சி. காட்ட வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு எப்.சி. கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டு விட்டது. எனவே புகையோடு போய் திரும்பி வந்தால் செலவு இரட்டிப்பு.

பழைய லாரி வாங்கப் போகிறவர்களும் இதை கவனிக்கலாம். பெயிண்டையும் டயரையும் பார்த்து மயங்காதீர்கள். என்ஜின் நன்றாக சூடேறிய பிறகு, ஸ்லோவில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாக கழட்டி வாய் மேலே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளி மூடி துள்ளினால் பேக் கம்ப்ரஷன் வந்துவிட்டது, ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. போர் வேலை செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். விற்கிறவர் மூடியை கழட்டவே விடவில்லை என்றால், அட்வான்ஸ் பணத்தை சட்டைப்பையில் இருந்து எடுக்க வேண்டாம்.