மைனா நட்ட வேம்பு

பிள்ளைகளே, உங்கள் வளவில் யாரும் நடாத வேப்பங்கன்று ஒன்று நிற்கிறதா? வேலியோரத்திலும் மின்கம்பிக்குக் கீழேயும் கிணற்றுக்கட்டு வெடிப்பிலும் தேடிப் பாருங்கள். ஆனி, ஆடியில் வேம்பு பழுக்கும். மைனாவும் காகமும் குயிலும் அதன் சதையைத் தின்றுவிட்டு, வேறிடத்தில் போய்க் குந்திக் கொட்டையைப் போடும். தாய்மரத்தின் அடியிலேயே விழுகிற விதைக்கு வெளிச்சமும் குறைவு, தண்ணீரும் குறைவு. பறவை கொண்டுபோன விதைக்குப் புது இடம் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயின் மூத்த மரநடுகைத் தொண்டர்கள் இந்தப் பறவைகள்தான்.

மனிதத் தொண்டர்களும் இருக்கிறார்கள். 2013இல் அமைந்த வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. மாதத்தைச் சரியாகத்தான் தெரிந்தெடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்துவிடும். சுண்ணக்கல்லின் மேல் மண் பல இடங்களில் மெல்லிசு. ஈரம் இருக்கும்போதே கன்று வேரை ஆழ இறக்கினால்தான் பங்குனி, சித்திரை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் எந்த மரத்தை நடுவது? பறவையும் வௌவாலும் அணிலும் வாழ ஓர் இடத்தை உண்டாக்க நினைத்தால், இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக் கடலேரிக்குப் போகிறது வழுக்கையாறு. மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் அந்த ஆற்றின் கரைக்கு மருது நல்லது. அயலூரான மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார் இருக்கிறார் அல்லவா, அதே மருதுதான். அதன் காயில் ஐந்து சிறகுகள் உண்டு. காற்றும் வெள்ளமும் அதைக் கொண்டுபோகும். பறவையின் உதவி வேண்டியதில்லை.

இலுப்பைக்கோ வௌவால் இல்லாமல் சரிவராது. இரவில் அதன் இனிப்பான, சதைப்பிடிப்பான பூவைத் தின்ன வரும் பழந்தின்னி வௌவால், மகரந்தத்தைத் தன் மயிரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். பிறகு பழத்தைத் தூக்கிச் சென்று தின்று, விதையைத் தொலைவில் போடும். ஓர் இலுப்பையை நட்டால் வௌவாலுக்கு அழைப்புக் கொடுத்த மாதிரி. ஆலமரம் இன்னும் பெரிய கொடையாளி. எல்லா ஆலும் ஒரே வேளையில் பழுப்பதில்லை. ஊரில் சில ஆல்கள் நின்றால், வேறு பழம் கிடைக்காத மாதத்திலும் ஏதாவது ஒன்றில் பழம் இருக்கும்.

பனையை மறக்க முடியுமா? அதன் ஓலையில் தூக்கணாங்குருவி கூடு தொங்கும். பனை உழவாரன் என்ற சின்னப் பறவை தன் எச்சிலால் இறகுகளை ஓலையில் ஒட்டிக் கூடு கட்டும். பனைக்குக் கன்று தேட வேண்டாம். முளை நேரே ஆழத்துக்கு இறங்குவதால், நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைப்பதுதான் முறை.

இப்படி மற்ற உயிர்களையும் நினைத்து மரம் நட்டவர் ஒருவர் உண்டு. இந்தியாவின் அசாமில் ஜாதவ் பாயெங் என்பவர் 1979இல் பிரம்மபுத்திரா ஆற்றின் மணல்திட்டில், நிழலில்லாமல் பாம்புகள் செத்துக் கிடந்ததைக் கண்டார். மூங்கில் நட ஆரம்பித்தார். மண்ணை வளமாக்க எறும்புகளையும் கொண்டுவந்து விட்டார். இன்று அது ஏறத்தாழ 550 ஹெக்டேயர் காடு. யானைகள்கூட அங்கே வந்து தங்கிப் போகின்றன. அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த எறும்புகள்தான். மரத்தோடு சேர்த்துச் சிற்றுயிரையும் நினைத்த மனம் அது.

நட்டவுடன் படம் எடுத்துவிட்டுப் போவது எளிது. கன்றுகள் பெரும்பாலும் சாவது முதல் கோடையில். தப்பியதை ஆடு கடித்துவிடும். கன்றைச் சுற்றிக் கிளுவைக் கதியால் நட்டு அடையுங்கள். அடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். இந்தக் கார்த்திகையில் உங்கள் பாடசாலையோ சனசமூக நிலையமோ கன்று தந்தால், அது எந்த உயிருக்கு உணவு தரும் என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த மாரி வரும்வரை அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.