மர்மப் படமும் முன்னோட்டமும்

கல்முனைக் கரையில் மர்மப் படமொன்று எடுக்க முனையும் மாணவர், முன்னோட்டத்திலேயே கொலையைக் காட்டிவிட விழைதல் இயல்பே. 1960ஆம் ஆண்டின் ‘சைக்கோ’ முன்னோட்டமோ வேறு வழி சென்றது. ஆறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதில், இயக்குநர் ஹிட்ச்கொக் தாமே ஆளற்ற விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகின்றார். நடந்ததைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகின்றார். இறுதியில் குளியலறைத் திரை விலக, ஒரு பெண் அலறுகின்றாள். அவளும் படத்தில் அங்கே கொலையுண்ட ஜெனட் லீ அல்லள். வேரா மைல்ஸ் என்னும் வேறொரு நடிகை! குறும்புதான், ஆயினும் இரகசியம் காக்கப்பட்டது.

தமிழில் 1954ஆம் ஆண்டு வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, பாடலே இன்றி, துப்பாக்கி வேட்டோடு தொடங்குவது. சுட்டவர் யார் என்பதே படம் முழுதும் நிற்கும் வினா. அவ்வேட்டொலியும் ஐயத்துக்குரியோர் முகங்களும் முன்னோட்டத்துக்குப் போதும். கிடுகு வேலி, ஆளில்லாக் கிணற்றடி, இரவின் அலையோசை ஆகியன கல்முனை மாணவர்க்குச் செலவின்றிக் கிட்டுவன. கதவு திறக்கும் கணத்தில் காட்சியை வெட்டிவிடல் வேண்டும்.