உடற்பயிற்சி உடையும் காலணியும்

உடற்பயிற்சி உடை, உடற்பயிற்சிக் காலணி என்பன நடை, ஓட்டம், விளையாட்டு முதலியவற்றின்போது உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கவும், தோலையும் பாதத்தையும் காக்கவும் அணியப்படுபவை ஆகும். இவற்றைத் தெரிவு செய்வதில் விலையும் வணிகப் பெயரும் இரண்டாம் நிலையிலேயே வருகின்றன. செய்யும் பயிற்சி, ஊரின் தட்பவெப்பம், தரையின் தன்மை, அணிபவரின் உடல்நிலை ஆகிய நான்குமே முதன்மையானவை. மதுரை, திருப்பரங்குன்றம் முதலிய சமவெளி ஊர்களில் கோடைப் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. எனவே குளிர்நாடுகளுக்கான அறிவுரைகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை.

உடையின் பணி

தசைகள் இயங்கும்போது வெப்பம் உண்டாகிறது. வெயில் காலத்தில் அவ்வெப்பத்தை வெளியேற்றும் முதன்மை வழி வியர்வை ஆவியாதலே ஆகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோ யூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் சொட்டிவிடும் வியர்வையால் இப்பயன் ஏறக்குறைய இல்லை. ஆகவே, காற்றோட்டத்தைத் தடுக்காத, தளர்வான, வெளிர்நிற உடையே வெயிலுக்கு ஏற்றது.

உடல் எடையைக் குறைக்கும் நோக்கில் நெகிழி அல்லது ரப்பர் மேலுடை அணிந்து பயிற்சி செய்வது ஆபத்தானது. அவ்வாறு குறைவது நீரின் எடையே, கொழுப்பு அன்று. நீர் அருந்தியதும் அது திரும்பிவிடும். 1997ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் மூன்று கல்லூரி மற்போர் வீரர்கள், போட்டிக்காக எடையை விரைந்து குறைக்க இத்தகைய உடை அணிந்து பயிற்சி செய்தபோது இறந்தனர். அதன் பின்னர் அந்நாட்டுக் கல்லூரி மற்போரில் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன.

துணி வகைகள்

பருத்தி: இயல்பான காற்று ஈரத்திலேயே 100 கிராம் உலர் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரை ஏற்கிறது. மிகுதியாக வியர்க்கும்போது பருத்தி உடை நனைந்து, கனத்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட ஓட்டத்தில் அக்குள், தொடை ஆகிய இடங்களில் உராய்வுப் புண் தோன்றலாம். எனினும் அரை மணி நேர நடைக்குத் தளர்வான பருத்திச் சட்டையே போதுமானது.

பாலியெசுட்டர்: இதே நிலையில் 100 கிராம் இழை அரை கிராமுக்கும் குறைவான நீரையே ஏற்கிறது. நுண்ணிழைகளால் பின்னப்பட்ட துணி, வியர்வையை இழைகளின் இடுக்குகள் வழியே வெளிப்பரப்புக்குக் கடத்தி விரைவில் உலர்த்துகிறது. நெருக்கமாக நெய்யப்பட்ட பாலியெசுட்டர் துணிக்கு இப்பண்பு இல்லை. எனவே வாங்கும்போது துணியின் பெயரோடு அதன் பின்னலையும் பார்க்க வேண்டும்.

விடியற்காலையிலோ இரவிலோ சாலையோரம் நடப்பவர்களுக்கு வெளிர்நிற உடையும் ஒளி எதிரொளிக்கும் பட்டையும் பாதுகாப்பளிக்கும்.

பெண்களுக்கான உடை

ஓடும்போது மார்பகம் அசைவதால் வலி ஏற்படலாம். இதைக் குறைக்கும் முதல் விளையாட்டு மார்புக்கச்சு 1977இல் ஐக்கிய அமெரிக்காவில் லிசா லிண்டால், போலி சிமித், இண்டா மில்லர் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. இது அழுத்தமாகப் பொருந்த வேண்டும். மூச்சை இறுக்கக் கூடாது. சேலை அல்லது சுடிதாருடன் நடைப்பயிற்சி செய்வதில் தவறில்லை. ஆயினும் மிதிவண்டி, நடைப்பொறி ஆகியவற்றில் துப்பட்டாவும் முந்தானையும் சிக்கிக்கொள்ளாதவாறு செருகிக்கொள்வது கட்டாயம்.

காலணியின் பணி

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின் மீது செயல்படுகிறது. காலணியின் நடு அடுக்கில் உள்ள நுரைப்பொருள் அமுங்கி, இவ்விசை பாதத்தைத் தாக்கும் வேகத்தைக் குறைக்கிறது. வெளி அடுக்கு தரையைப் பற்றிக்கொள்கிறது.

ஓட்டக் காலணி முன்னோக்கிய அசைவுக்காக அமைக்கப்பட்டது. பூப்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் பக்கவாட்டு அசைவு மிகுதி. அவற்றை உயரமான, மென்மையான ஓட்டக் காலணியுடன் ஆடினால் கணுக்கால் பிசகக்கூடும்.

காலணியைத் தெரிவு செய்தல்

* பாதம் பகலில் சற்று வீங்குவதால் மாலையில் வாங்குவது நன்று.
* பயிற்சியின்போது அணியும் காலுறையுடன், இரு கால்களிலும் போட்டு நின்றும் நடந்தும் பார்க்க வேண்டும். பெரிய பாதத்துக்கே அளவு கொள்ள வேண்டும்.
* நீண்ட விரலுக்கும் காலணியின் முனைக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடைவெளி தேவை.
* குதிகால் வழுக்கக் கூடாது. காலணி விரல்களின் அடிப்பகுதியில் மடிய வேண்டும்.
* 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஓடிய பின் நுரையின் தாங்கும் திறன் பொதுவாகக் குறைந்துவிடும். மேற்புறம் புதிதாகத் தோன்றினாலும் மாற்றுவது நல்லது.

பாத வளைவின் வகைக்கேற்ற காலணி காயத்தைத் தடுக்கும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 2022இல் வெளியான காக்ரேன் மீளாய்வு இதற்குத் தெளிவான சான்று இல்லை எனக் கண்டது. அணிந்தவுடன் வசதியாக இருப்பதே நடைமுறையில் நல்ல அளவுகோல்.

வெறுங்கால் ஓட்டமும் நடையும்

எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 உரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடனும், 1964 தோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானைக் காலணியுடனும் ஓடி வென்றார். மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி தொடக்கத்தில் காலணியின்றிப் போட்டிகளில் ஓடியவர். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இவற்றைக் கொண்டு காலணி தேவையற்றது எனக் கொள்ளலாகாது. பிக்கிலாவின் பாதங்கள் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பழகியவை. காலணி வாங்க இயலாததே ரேவதி வெறுங்காலுடன் ஓடியதற்குக் காரணம். பழகாதவர் திடீரென வெறுங்காலுடன் ஓடினால் பாத எலும்பும் கெண்டைத் தசையும் பாதிக்கப்படலாம்.

திருப்பரங்குன்றத்தில் மலையை வலம் வரும் அடியார்கள் வெறுங்காலுடன் நடப்பது வழக்கம். கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். எனவே வெறுங்கால் நடைக்கு விடியற்காலையும் இரவும் ஏற்றவை.

பாத உணர்வு குறைந்தோர்

நீண்டநாள் நீரிழிவு நோயாளர் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். சூட்டால் கொப்புளம் எழுந்தாலும், முள் தைத்தாலும் அவர்கள் அறியார்; கவனிக்கப்படாத புண் காலையே இழக்கச் செய்யலாம். வலியே உடலின் காவல் என்பதைத் தொழுநோயாளரிடம் கண்டறிந்து விளக்கியவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட். உணர்விழந்த பாதங்களுக்காக அங்கு அவரும் உடன் பணியாற்றியோரும் மென்மையான நுண்ணறை ரப்பர் காலணிகளைப் பயன்படுத்தினர். எம்.சி.ஆர். செருப்பு எனப்படும் இவ்வகை இன்று நீரிழிவு நோயாளருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

இவர்கள் வெறுங்கால் நடையைத் தவிர்க்க வேண்டும். காலணியை அணியுமுன் அதன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும், நடந்து முடித்தபின் பாதத்தின் அடிப்புறத்தைக் கண்ணாடியில் பார்ப்பதும் இன்றியமையாதவை.