கரு தங்கிய முதல் வாரத்தில் பசி

“கஞ்சியும் ஒழுங்காகக் கிடைக்காத நேரம் வயிற்றில தங்கின பிள்ளை. அதுதான் இவன்ர உடம்பு தேறேல்லையோ?” 2009 இன் தொடக்கத்தை வன்னியில் கடந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார். அதன் பிறகே இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

கரு தங்கியதுமே பிள்ளை தாயின் இரத்தத்திலிருந்து உணவு பெறுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. முதல் வாரத்தில் முளையம் எங்கும் ஒட்டியிருப்பதில்லை. பலோப்பியன் குழாயிலும் கருப்பையிலும் ஊறும் திரவத்தில் மிதந்து, அதிலுள்ளதையே உள்ளெடுக்கிறது. ஆரம்ப நாட்களில் குளுக்கோசை அது அதிகம் பயன்படுத்துவதில்லை. பைருவேற்று என்ற சிறு மூலக்கூறுதான் முக்கிய எரிபொருள். உள்ளே நீர் நிறைந்த கலப்பந்தாக மாறும்போதே குளுக்கோசை வேகமாக எடுக்கிறது. அமினோ அமிலங்களும் அந்தத் திரவத்திலிருந்துதான். மாதவிடாய் தள்ளிப்போவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிடும்.

தாய் பட்டினி கிடந்தால் அந்தத் திரவமும் மாறுமா? 2000 ஆம் ஆண்டு வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், கருவுற்ற எலிகளுக்கு முதல் நாலேகால் நாட்கள் மட்டும் புரதம் குறைந்த உணவு கொடுத்தார்கள். பிறகு வழமையான உணவு. அந்த முளையங்களில் கலங்கள் குறைவாக இருந்தன. பிறந்த குட்டிகளில் உயர் குருதியழுத்தம் காணப்பட்டது.

மனிதரில் இப்படி ஆய்வு செய்ய முடியாது. ஆனால் போர் செய்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகாமல் தடுத்தன. அம்ஸ்ரடாமில் ஒருவருக்கான பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவாகியவர்கள் பெரும்பாலும் சாதாரண நிறையுடன்தான் பிறந்தார்கள். ஆனால் நடுத்தர வயதில் அவர்களிடையே இதய நோய் கூடுதலாக இருந்தது. அறுபது ஆண்டுகளின் பின்னும், வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேலுள்ள இரசாயன அடையாளம் அவர்களின் சகோதரர்களை விடக் குறைவாக இருந்தது.

அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது ஒன்றை அழுத்திச் சொன்னேன். இவை பெருந்தொகையானோரைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள். உங்கள் மகனின் தலைவிதி அல்ல. உணவு கிடைக்காமற் போனது உங்கள் பிழையும் அல்ல. மகனின் குருதியழுத்தத்தையும் சீனியையும் இடைக்கிடை பார்த்துக்கொண்டால் போதும்.

இனிக் குழந்தை பெற இருப்போர் போலிக் அமிலத்துக்காகக் கரு தங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் முண்ணாணாகும் பகுதி 28 நாட்களுக்குள் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதே அதன் பின்னர்தான். முன்கூட்டியே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.