வாட்ஸ்அப் படம் டவுன்லோடு ஆகலையா? நாள் கடத்தாமல் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

அப்பா காலமாகி நாற்பது நாள் ஆன பிறகுதான், அவரோடு பேசிய வாட்ஸ்அப் சாட்டைத் திறந்து பார்க்கும் தைரியம் அந்த மகளுக்கு வந்தது. மேலே தள்ளத் தள்ள, வரிசையாக மங்கலான கட்டங்கள். தொட்டியில் பூத்த செம்பருத்தியாக இருக்கலாம், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த செல்ஃபியாக இருக்கலாம். ஊகிக்கத்தான் முடிகிறது. டேட்டா தீர்ந்துவிடுமே என்று ஆட்டோ டவுன்லோடை நிறுத்தி வைத்திருந்தார். வேலை அவசரத்தில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட படங்கள் அவை.

இப்போது அம்புக்குறியைத் தட்டினால் வட்டம் சுற்றுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அனுப்பியவரிடமே மறுபடியும் அனுப்பச் சொல்லிக் கேட்கும்படி போன் சொல்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

மங்கலாகத் தெரிவது படமே இல்லை

வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும்போது, மெசேஜோடு சேர்ந்து வருவது சின்னஞ்சிறு முன்னோட்டம் மட்டும்தான். அசல் படம் பூட்டுப் போட்ட நிலையில் வாட்ஸ்அப்பின் சர்வரில் காத்திருக்கும். 'உங்களுக்கு பார்சல் வந்திருக்கு' என்று சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டது, பார்சல் இன்னும் போஸ்ட் ஆபீஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியைத் தட்டும்போதுதான் போன் போய் அதை எடுத்து வருகிறது. அதனால் மங்கலான படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கினாலும் தெளிவு வராது.

அந்த பார்சல் என்றைக்கும் அங்கேயே இருக்காது. போன் அணைந்திருந்ததால் நமக்கு வந்து சேராத மெசேஜ்களை வாட்ஸ்அப் 30 நாள் வரைதான் வைத்திருக்கும். வந்து சேர்ந்தும் நாம் இறக்காமல் விட்ட படங்களும் நாளாக ஆக சர்வரிலிருந்து போய்விடும். ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் 'வியூ ஒன்ஸ்' படத்தை 14 நாளுக்குள் திறக்காவிட்டால் அதுவும் காலாவதி. எனவே படம் இறங்கவில்லை என்றால், உடனே வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

1. முதலில் நெட்

வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வந்து, பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு நெட்டில்தான். ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து, சில விநாடி கழித்து ஆஃப் செய்யுங்கள். மொபைல் டேட்டாவில் வராத படம் வைஃபையில் வரலாம், வைஃபையில் வராதது மொபைல் டேட்டாவில் வரலாம். இரண்டையும் மாற்றிப் பாருங்கள். வி.பி.என் ஆப் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிட்டு முயலுங்கள்.

மற்ற ஆப்கள் ஓடுகின்றன, வாட்ஸ்அப் மட்டும் தகராறு செய்கிறதா? போன் செட்டிங்ஸில் 'டேட்டா சேவர்' ஆனில் இருக்கிறதா, வாட்ஸ்அப்புக்கு டேட்டா தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. போனில் இடம் இருக்கிறதா?

வீட்டுப் பெரியவர்களின் போன்களில் அடிக்கடி சிக்குவது இதுதான். ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டால், படத்தை இறக்கி வைக்கப் போனுக்கு இடமே இருக்காது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போங்கள். 5 எம்.பி-க்கு மேல் உள்ள ஃபைல்களும், பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனித்தனியாகக் காட்டப்படும். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, ஒரே வீடியோ நான்கு குரூப்பில் வந்தது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மொத்தமாக அழிக்காமல், வேண்டியதைப் பார்த்து ஒதுக்கிவிட்டு மற்றதை அழியுங்கள். கேலரியில் அழித்தவை குப்பைத்தொட்டி ஃபோல்டரில் இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

3. தேதியும் நேரமும்

'படத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றலாம். போனில் தேதி தவறாக இருந்தால், வாட்ஸ்அப் சர்வரோடு இணைப்பு கிடைக்காமல் டவுன்லோடு நின்றுவிடும். பேட்டரி முழுக்க இறங்கி, பல நாள் கழித்து ஆன் செய்த பழைய போன்களில் இதை முக்கியமாகப் பாருங்கள். செட்டிங்ஸில் தேதி, நேரத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிடுங்கள்.

4. அனுமதி கொடுத்திருக்கிறீர்களா?

வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்யும்போது, அவசரத்தில் எதற்கோ 'வேண்டாம்' என்று தட்டியிருப்போம். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், 'பர்மிஷன்ஸ்' என்று போய், போட்டோ, வீடியோவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் தெளிவாகத் தெரிகிறது, கேலரியில் மட்டும் காணோம் என்றால் அது டவுன்லோடு கோளாறு அல்ல. செட்டிங்ஸில் 'சாட்ஸ்' பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி' ஆஃபில் இருக்கும். ஆன் செய்தால், அதன் பிறகு இறக்கும் படங்கள் கேலரிக்கும் வரும்.

5. அப்டேட், ரீஸ்டார்ட், கேஷ்

ப்ளே ஸ்டோரில் வாட்ஸ்அப்பை அப்டேட் செய்து, போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், ஆப் விவரங்களில் 'க்ளியர் கேஷ்' கொடுக்கலாம். அதனால் சாட் எதுவும் போகாது.

ஆனால், பக்கத்திலேயே இருக்கும் 'க்ளியர் டேட்டா' அல்லது 'க்ளியர் ஸ்டோரேஜ்' பட்டனைத் தெரியாமல் தொட்டுவிடாதீர்கள். பேக்கப் இல்லாமல் அதை அழுத்தினால் சாட்கள் போய்விடும். 'அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டா சரியாயிடும்' என்று யாராவது சொன்னாலும், பேக்கப் எடுத்த பிறகே அதைச் செய்யுங்கள்.

'படம் திறக்கலையா? இந்த ஆப்பைப் போடுங்க!'

படம் வரவில்லை என்ற தவிப்பில்தான் ஏமாற்றுக்காரர்களிடம் மாட்டிக்கொள்கிறோம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ ஆல்பம் என்ற பெயரில் ஏ.பி.கே ஃபைல் அனுப்பி, போனைக் கைப்பற்றி, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி பற்றி போலீஸார் எச்சரித்து வருகிறார்கள். சாதாரண போட்டோவைப் பார்க்கத் தனியாக எந்த ஆப்பும் தேவையில்லை. ஃபைலின் பெயர் ஏ.பி.கே என்று முடிந்தால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்திருந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய போனே பறிபோயிருக்கலாம். அவரை நேரடியாக போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தும் வரவில்லையா?

அப்படியென்றால் சர்வரில் படம் இல்லை. அனுப்பியவரின் போனில் இருக்க வாய்ப்புண்டு. அவர் அதே சாட்டில் படத்தைத் திறந்து மறுபடி ஃபார்வர்டு செய்தால் போதும். ஆண்ட்ராய்டு போன் என்றால், வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சென்ட்' ஃபோல்டரிலும் தேடலாம். அதே படம் ஃபேமிலி குரூப்பிலும் வந்திருந்தால், அங்கே இறக்கி வைத்த வேறொருவரிடம் கேட்கலாம்.

அந்த மகளும் அதைத்தான் செய்தார். அப்பாவின் போன் பீரோவில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அக்கா மகனுக்கு ஆன்லைன் கிளாஸுக்குக் கொடுக்கலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். சார்ஜ் போட்டு ஆன் செய்ததும், தேதி தவறாக இருந்ததைச் சரிசெய்தார்கள். பின் நம்பர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மகளின் பெயரில் இருந்த சாட்டைத் திறந்தால், படங்கள் தெளிவாக இருந்தன. சிலவற்றை, போனில் இடம் போதாமல் அப்பாவே அழித்திருந்தார். அவை போனது போனதுதான். மீதியை ஒவ்வொன்றாக ஃபார்வர்டு செய்து, பென்டிரைவிலும் ஒரு காப்பி போட்டு வைத்தார்கள். செம்பருத்தி என்று நினைத்தது, மாடியில் முதன்முதலாகக் காய்த்த மாதுளை. கீழே அப்பா எழுதியிருந்தார்: 'நீ வரும்போது பழுத்திடும்.'

வீட்டில் யாருடைய பழைய போனையாவது ரீசெட் செய்து கைமாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய், வைஃபையில் இருக்கும்போதாவது போட்டோக்கள் தானாக இறங்கும்படி 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' வசதியை ஆன் செய்துவிடுங்கள். அம்மாவோ அப்பாவோ அனுப்பிய படம் எதிலாவது அம்புக்குறி இன்னும் நின்றுகொண்டிருந்தால், இப்போதே தட்டிவிடுங்கள்.