அப்டேட் போட்டாச்சு, ஓட்டை அடைபட்டதா?

"அப்டேட் போட்டாச்சு சார்." சர்வர் அறைகளில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போட்டது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் விஎம் எனும் மெய்நிகர் கணினிகளில் பழைய நிரல்தான் இன்னமும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கியூஎமு-கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஓடும் விஎம்களின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் ஸ்பைஸ் மென்பொருளைப் பற்றித்தான் சொல்கிறேன். 2020 அக்டோபரில் அதில் வெளிப்பட்ட குறைபாட்டின் பதிவு எண் சிவிஇ-2020-14355. திரைப் படத்தைச் சுருக்கி அனுப்ப ஸ்பைஸுக்கு குவிக் என்றொரு முறை உண்டு. அப்படி வரும் படத்தைப் பிரித்தெடுக்கும் சி நிரல், அளவு சரிதானா என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடும். பொய்யான அளவோடு படம் வந்தால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகம் சிதையும். விஎம் விழுந்துபோகலாம், தாக்குபவரின் நிரலே அங்கு ஓடவும் வாய்ப்புண்டு. முந்தைய ஆண்டின் சிவிஇ-2019-3813 எண்ணிக்கையில் ஒன்று பிசகியதால் வந்தது. அதைக் கொண்டு தாக்கக் கடவுச்சொல்கூடத் தேவையில்லை.

2020இன் ஓட்டை இரு முனையிலும் இருக்கிறது. சர்வரில் ஸ்பைஸ்-சர்வர் தொகுப்பையும், திரை பார்ப்பவரின் கணினியில் ஸ்பைஸ்-ஜிடிகே தொகுப்பையும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ரெட் ஹேட், டெபியன் போன்றவை பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடும். தொகுப்பின் சேஞ்ச்லாகில் அந்த சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்ததுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். விஎம்முக்குள் போய் ரீபூட் கொடுத்தால் போதாது. வெளியே கியூஎமு பிராசஸ் அப்படியே தொடரும். முழுதாக ஷட்டவுன் செய்து மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்தவே முடியாது என்றால், திருத்தம் ஏறிய வேறொரு சர்வருக்கு லைவ் மைக்ரேஷன் செய்யலாம். பிறகு எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டுங்கள். லிப்ஸ்பைஸ்-சர்வர் வரியில் 'டெல்' என்று வந்தால் பழைய கோப்பு இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: ரீபூட் அல்ல, ஷட்டவுன்.

வசதிக்காக ஸ்பைஸ் இணைப்பு ஏற்கும் முகவரியை 0.0.0.0 என்று மாற்றி 5900 போர்ட்டை இணையத்துக்கே திறந்து வைத்திருக்கும் மகானுபாவர்கள் உண்டு. அதை 127.0.0.1க்குத் திருப்பி, எஸ்எஸ்எச் அல்லது விபிஎன் வழியாக வாருங்கள். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9இல் ஸ்பைஸே கிடையாது. அதற்கு மாறுபவர்கள் விஎம் அமைப்பை முன்கூட்டியே விஎன்சிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

காரணமில்லாமல் விஎம் விழுந்தால் "ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அந்த விஎம்மின் லாகையும் கோர் டம்ப்பையும் முதலில் எடுத்து வையுங்கள். தாக்குதல் என்று தெரிந்தால் இந்திய நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை எப்போதுமே 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் 2022 ஏப்ரல் 28 உத்தரவு. செர்ட்-இன்னின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949.