விரல் முந்தினால் இசை பிந்தும்
கித்தார் பயிலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

நம் பங்குகள் பலவற்றின் பாடற்குழுக்களில் ஆர்மோனியத்தோடு கித்தாரும் இடம்பெற்றுள்ளது. கார்டுகளைக் கற்றுத் தேர்ந்த பிள்ளைகள், அடுத்ததாகத் தனிச் சுரங்களை மீட்டும் லீட் கித்தாரை நாடுகின்றனர். இடர் அங்கேதான் தொடங்குகின்றது. விரல்கள் விரைகின்றன, தாளம் தளர்கின்றது, பாடுவோர் எவ்விடத்தில் மூச்செடுப்பதென அறியாது தடுமாறுகின்றனர். மனம் சோர்ந்த பிள்ளை, பெற்றோர் அரும்பாடுபட்டு வாங்கித் தந்த கருவியை மூலையில் சாய்த்துவிடுவதும் உண்டு. குறை பெரும்பாலும் திறமையில் இல்லை. பயிலும் முறையில் உள்ளது.

காலத்தின் அருமையை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் குடும்பங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அச்சில் ஊற்றிய களிமண் குழம்பின் நீரை அச்சு உறிஞ்ச, ஓரத்தில் மண் படிகின்றது. எஞ்சிய குழம்பை முன்னதாகக் கவிழ்த்தால் பொம்மையின் சுவர் மெலிந்து குலையும். பிந்திக் கவிழ்த்தால் தடித்துப்போகும். சுரமும் அவ்வாறே. உரிய கணத்தில் பிறந்து, உரிய கணத்தில் ஓய வேண்டும்.

முதற்கண் காலப்பிரமாணம்

மேல்சல் என்பார் 1815இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி, இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றது. அதனை நிமிடத்திற்கு 60 தட்டுகளாக அமைத்துக்கொள்க. தட்டுக்கு ஒரு சுரமென மீட்டி, பின்னர் இரண்டு, மூன்று, நான்கு எனப் பெருக்குக. மீட்டுமுன் ‘தக’, ‘தகிட’, ‘தகதிமி’ என வாயாற் சொல்லிக் காலால் தட்டுதல் நலம். நாவில் நிலைபெறாத தாளம் விரலில் நிலைபெறாது. பிழையின்றி வந்த பின்னரே நான்கு தட்டுகள் கூட்டுக. அடுத்து, அதே வேகத்தில் வாசித்துக்கொண்டே கருவியை 30 தட்டுகளுக்குக் குறைத்திடுக. அப்போது ஒன்றுவிட்டு ஒரு தட்டு மௌனமாகும். அந்த மௌனத்தைத் தம் உள்ளத்தாலேயே அளக்கப் பிள்ளைகள் பழகுவர்.

அடுத்து இசைத்தொடர்

பேச்சில் நிறுத்தமின்றேல் பொருள் விளங்காது. இசையும் அத்தகையதே. மாண்டலின் மேதை உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) பயின்ற விதம் இங்கு நினைக்கத்தக்கது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். மாண்டலின் வாசிப்பவர் அல்லர். குரு வாயால் பாடுவார். சிறுவன் அதனைத் தந்தியில் எழுப்புவான். மீட்டும் கருவியில் மூச்சு புகுந்தது இவ்வாறே.

நம் பிள்ளைகளும் இவ்வழியில் செல்லலாம். எட்டுத் தட்டுகளுக்குள் அடங்கும் சிறு தொடரை முதலில் பாடுக. பின்னர் அதையே மீட்டுக. மூச்சு முடியுமிடத்தில் கையும் ஓயட்டும். ஒரு தொடர் வினாவாக எழுந்தால், அடுத்த தொடர் விடையாகி, அவ்விடத்துக் கார்டில் உள்ள சுரத்தில் இறங்கட்டும். தந்தியை இழுத்தலும் வழுக்குதலும் சொல்லுக்கு அழுத்தம் தருவதுபோல் அளவோடு வருதல் வேண்டும். ஆலயத்தில் மக்கள் பாடும்போது லீட் கித்தார் அடங்கியிருந்து, அடிகளுக்கு இடையே மட்டும் மறுமொழி கூறுதல் அழகு.

பெற்றோரே, நாள்தோறும் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்கித் தாருங்கள். தங்கையோ தம்பியோ கைத்தாளம் போடட்டும். வாசித்ததைப் பதிவு செய்து மறுநாள் கேட்கச் செய்யுங்கள்; குறை எங்கென்று பிள்ளையின் செவியே கூறிவிடும். “இன்னும் வேகமாக வாசி” என்று மட்டும் ஊக்காதீர்கள். பிறர் பாட இடம்விடக் கற்றவனே பாடற்குழுவுக்குத் துணையாவான்.